பயிற்சி மாணவி பதிவு வேலையிலேயே முடங்கிவிட்டால்

பதிவு வேலையை நாளைக்கே பாதியாகக் குறைத்து, அவருக்கென்று ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு வந்த எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) மாணவி ஆறு வாரமாக அரசின் காசநோய்ப் பதிவேடான நிக்‌ஷய் தளத்தில் காசநோயாளிகள் விவரத்தையே ஏற்றுகிறார், எதைச் சொன்னாலும் "சரி சார்" என்பதோடு சரி என்கிறீர்கள். மீதி ஆறு வாரத்துக்கு இது போதும்: காசநோயாளிகளுக்கு அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகை உங்கள் பகுதியில் யாருக்கு வரவில்லை, எங்கே நின்றது? கணக்கு எண் தப்பா, கணக்கே இல்லையா?

ஆர்வமின்மை என்று எனக்குத் தோன்றவில்லை. கல்லூரி வழிகாட்டி ஆய்வேடு கேட்பார், நீங்கள் மாத அறிக்கை கேட்பீர்கள். நடுவில் மாட்டிய பிள்ளை, திட்டு விழாத வேலையைப் பிடித்துக்கொள்ளும்.

சோதித்துப் பாருங்கள்: "கடைசி நாளில் கையில் என்ன இருக்கும்?" என்று மூவரும் தனித்தனியே இரண்டு வரி எழுதுங்கள். ஒத்துப்போகாவிட்டால் சிக்கல் அங்கேதான். அப்புறம் வாரம் அரை மணி நேரம் உட்காருங்கள். நான் டீ நேரத்தில் ஒரு நோயாளியின் சிகிச்சை அட்டையை மேசையில் வைத்துத்தான் பேச்சைத் தொடங்குவேன். வாய் தானாகத் திறக்கும்.

இன்னொன்று, அந்தத் தளத்துக்கான உங்கள் லாகினை அவரிடம் கொடுத்திருந்தால் இன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். இந்த வேலை ஆய்வேட்டிலும் போகும் என்றால் நெறிமுறைக் குழு அனுமதி முதலில் வேண்டும். அதை வழிகாட்டியிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.