மடையடிக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று: செட்டிநாட்டு மானாவாரிக் கேள்வி-பதில்

காரைக்குடி, கல்லல், தேவகோட்டை, திருமயம் பக்கத்துக் கண்மாய்ப் பாசன நிலங்களிலிருந்தும் மழையை மட்டும் நம்பிய மானாவாரி நிலங்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை.

புழுதியில் நெல் விதைத்தேன். முதல் மழைக்கு முளைத்த பயிர் பத்து நாளில் காய்ந்துவிட்டது. மறுபடி விதை வாங்கிப் போட்டேன். இந்தத் தடவை என்ன செய்யலாம்? (கல்லல்)

விதை மேலாக விழுந்ததுதான் பெரும்பாலும் காரணம். 8, 10 மி.மீ. தூறல் காய்ந்த செம்மண்ணில் மேல் மண்ணை மட்டும்தான் நனைக்கும். நாலு நாள் வெயில் அடித்தால் அந்த ஈரம் போய்விடும். ஓர் அங்குலத்துக்குள் கிடக்கும் விதை அந்தத் தூறலை நம்பி முளைத்து, வேர் கீழே இறங்கும் முன்பே கருகிவிடுகிறது. 4 செ.மீ. ஆழத்தில் கிடக்கும் விதை நல்ல மழை வரும்வரை பெரும்பாலும் பொறுத்திருக்கும். 5 செ.மீ.க்குக் கீழே போனால் முளை மேலே வரத் திணறும். அதனால் கையால் வீசி ஒரு சால் உழுதுவிடுவதைவிட, விதைப்புக் கருவி வைத்து வரிசையில் போடுவது நல்லது.

இரண்டாவது, வறட்சியைத் தாங்க விதையைக் கடினப்படுத்துங்கள், அதாவது ஊறவைத்து உலர்த்தி விதையுங்கள். ஏக்கருக்கு 30 கிலோ விதை. 30 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்தால் ஒரு சதவீதக் கரைசல். அதில் 16 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் பழைய எடைக்கு வரும்வரை உலர்த்த வேண்டும். பழைய எடை வந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊறப்போடும் முன் ஒரு கிலோ விதையை மட்டும் சின்னத் துணிப்பையில் கட்டி, மற்ற விதையோடு சேர்த்து ஊறவையுங்கள். உலர்த்தும்போது அதைத் தனியாகப் பரப்புங்கள். அந்த விதை தராசில் மறுபடி ஒரு கிலோ காட்டினால் மொத்த விதையும் காய்ந்ததாக எடுத்துக்கொள்ளலாம். இதில் இரண்டு தவறு நடக்கிறது. ஒன்று, ராத்திரி முழுக்க ஊறி, மறுநாள் மதியமும் தாண்டி, முளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும்வரை விட்டுவிடுவது. அந்த விதையை உலர்த்தினால் முளை செத்துப்போகும். மற்றொன்று, அவசரத்துக்கு வெயிலில் போடுவது. விதைக்கிற அன்று கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்த் தூளைக் கலந்துகொள்ளுங்கள்.

ரகத்தைப் பொறுத்தவரை, பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2009-இல் வெளியிட்ட அண்ணா 4, 100 முதல் 105 நாளில் அறுவடைக்கு வரும். வறட்சியைத் தாங்கும், மானாவாரிக்கென்றே உருவான ரகம். ஆனாலும் நிலம் முழுக்க அதையே, ஒரே நாளில் விதைக்க வேண்டாம். ஆவணிக் கடைசியில் ஒரு பாதி, பதினைந்து நாள் கழித்து மறுபாதி என்று பிரித்து விதையுங்கள். ஒரு பாதிக்கு மழை தவறினாலும் மறுபாதி அதே நாளில் அதே பருவத்தில் மாட்டாது. பூக்கும் தருணத்தில் வறட்சி வந்தால் ஒரு சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலை இலை மேல் தெளிக்கலாம். அல்லது பிபிஎஃப்எம் நுண்ணுயிர்த் திரவத்தை லிட்டருக்கு 10 மி.லி. வீதம் மாலையில் தெளிக்கலாம். பிபிஎஃப்எம்மோடு பூச்சிமருந்து எதையும் சேர்க்கக் கூடாது, அந்த நுண்ணுயிர் செத்துவிடும்.

கருப்பு கவுனி போட ஆசை. கல்யாணத்துக்குக் கவுனரிசி கேட்டு ஆட்கள் வருகிறார்கள். எங்கள் வயல் கண்மாய்க்கு எட்டத்தில், மேட்டில் இருக்கிறது. (புதுவயல்)

மேட்டில் வேண்டாம். பாரம்பரியக் கவுனிக்கு 140 நாளுக்கு மேல் ஆகும். புரட்டாசி தொடக்கத்தில் விதைத்தால் தை கடைசியில்தான் அறுப்பு. மழை மார்கழியோடு அநேகமாக முடிந்துவிடும். கதிர் வாங்கிப் பால் பிடிக்கிற அந்தக் கடைசி நாற்பது நாளும் கண்மாய்த் தண்ணீரை நம்பித்தான் பயிர் நிற்கும். கண்மாய் மடையை ஒட்டிய மடையடி வயலுக்கு அந்தத் தண்ணீர் கிடைக்கும், வாய்க்கால் கடைசியில் உள்ள கடைமடைக்கும் மேட்டுக்கும் வந்து சேராது. அப்போது கதிர் பாதி பதராகிவிடும். மடையடியில் உறவுக்காரர் நிலம் இருந்தால் அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்துக் கவுனி போடுங்கள், உங்கள் மேட்டு வயலில் குதிரைவாலியோ குறுகிய கால நெல்லோ இருக்கட்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 57 என்ற கருப்பரிசி ரகம் 130 முதல் 135 நாளில் வந்துவிடும், பாரம்பரியக் கவுனியைவிட விளைச்சலும் கூடுதல். ஆனால் அதற்கும் முழுப் பாசனம் தேவை.

கவுனி ஆளுயரம் வளரும். யூரியாவைக் கூட்டிப் போட்டால் கார்த்திகைக் காற்றுக்குச் சாய்ந்துவிடும், தழைச்சத்தைக் குறைத்தே கொடுங்கள். அரிசியில் வெள்ளை கலக்கிறதென்றால், பக்கத்து வயல் மகரந்தத்தைவிட அறுவடை இயந்திரத்துக்குள் தங்கிவரும் அடுத்தவர் நெல்தான் பெரிய காரணம். விதைக்கென்று நடு வயலில் பத்துக்குப் பத்து அடி பாத்தியை ஒதுக்கி, பூக்கும்போது ஒருமுறையும் அறுப்புக்கு முன் ஒருமுறையும் உயரமும் நிறமும் மாறிய பயிரைப் பிடுங்கி எறிந்து, கையால் அறுத்துக் கையால் அடித்துக்கொள்ளுங்கள்.

வரகு அறுப்பில் மழை பிடித்துக்கொண்டது. குவித்து வைத்த கதிர் நாலு நாள் ஈரத்தில் கிடந்தது. காயவைத்துச் சாப்பிடலாமா? (திருமயம்)

சாப்பிட வேண்டாம், மாட்டுக்கும் கோழிக்கும் போட வேண்டாம். ஈரத்தில் கிடந்த வரகில் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்து சைக்ளோபியாசோனிக் அமிலம் என்ற நஞ்சைச் சுரக்கும். சாப்பிட்டால் வாந்தி, தலைசுற்றல், கைகால் நடுக்கம், மயக்கமான தூக்கம் வரும். நம் பெரியவர்கள் ‘கிறுக்கு வரகு’ என்று சொன்னது இதைத்தான். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் வரகு வயலில் மேய்ந்த 10 யானைகள் செத்துப்போயின. அவற்றின் உடலில் இந்த நஞ்சு இருந்தது. யானைக்கே அந்தக் கதி என்றால் சின்னக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். வேகவைத்தால் போய்விடும் என்று நம்ப முடியாது. கதிர் மேல் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நஞ்சு இருக்கலாம். பூஞ்சை பிடித்த தாளையும் தீவனமாக்காதீர்கள்.

அடுத்த வருடத்துக்கு விதைப்பு நாளைப் பின்னிருந்து கணக்குப் பண்ணுங்கள். வரகுக்குச் சுமார் 110 நாள். ஆடி நடுவில் விதைத்தால் அறுப்பு கார்த்திகைத் தொடக்கத்தில், அடைமழையில் விழும். புரட்டாசி முதல் வாரம் விதைத்தால் மார்கழி கடைசி வந்துவிடும். இதைக் குறித்துவைக்காமல் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதை எல்லாப் பயிருக்கும் பொதுவாக எடுத்துக்கொள்வதில்தான் பலரும் தவறுகிறார்கள். மழை நடுவே அறுக்க நேர்ந்தால் கதிரைக் குவிக்காமல், தாழ்வாரத்தில் மெல்லியதாகப் பரப்பி, மின்விசிறி ஓடவிட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள்.

கடலைச் செடி நன்றாக இருக்கிறது, பிடுங்கினால் பாதிக்கு மேல் பருப்பில்லாத பொக்கு. (சிங்கம்புணரி)

சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம் குறைவு. கடலைக் காய்க்கு வேண்டிய கால்சியம் வேர் வழியாக வந்து சேராது, பூவிலிருந்து மண்ணில் இறங்கிய விழுதும் காயும் தாமே நேராக உறிஞ்சிக்கொள்ளும். செம்மண்ணில் அந்தச் சத்து குறைவு. மண் காய்ந்திருந்தால் இருப்பதும் கரைந்து காயை எட்டாது. ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தில் பாதியை அடியுரமாகவும், மீதியை 40-45ஆம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போது செடியின் தூரைச் சுற்றியும் போட்டு மண் அணைத்துவிடுங்கள். விழுது இறங்கிய பிறகு மண்ணைக் கிளறக் கூடாது.

கண்மாய் வண்டலை வயலில் அடித்தால் நல்லதா? எத்தனை வண்டி? (கானாடுகாத்தான்)

நல்லது, அதுவும் நம் செம்மண்ணுக்கு மிக நல்லது. வண்டலில் உள்ள களி ஈரத்தைப் பிடித்துவைக்கும், மழைக்கு மழை இடைவெளி விழும்போது பயிர் சில நாள் கூடுதலாகத் தாங்கும். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அரை அங்குலக் கனத்துக்குப் பரப்ப 1,815 கன அடி, அதாவது 100 கன அடி யூனிட்டில் 18 யூனிட் வேண்டும். முதல் வருடம் அதற்கு மேல் போக வேண்டாம். சித்திரையில் பரப்பி, கட்டி வெயிலில் வெடித்து உதிரவிட்டு, கோடைமழை ஈரத்தில் உழுங்கள். ஈரக் களியாக இருக்கும்போது உழுதால் ஓடு மாதிரி இறுகிவிடும். சீமைக்கருவேலம் மண்டிய இடத்து வண்டலில் அதன் விதை கிடக்கும், முளைத்தவுடன் வேரோடு பிடுங்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும், மடைக்கும் கரைக்கும் பக்கத்தில் தோண்டவே கூடாது.

உளுந்து மஞ்சளாகிறது. (தேவகோட்டை)

வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல். வந்த செடிக்கு மருந்து இல்லை, பார்த்தவுடன் பிடுங்கிப் புதையுங்கள். ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டும்பொறி வையுங்கள். புதுக்கோட்டை மாவட்டம் வம்பன் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையத்தின் வம்பன் 8 இதை எதிர்க்கும் ரகம், காய்களும் ஒன்றாக முதிரும்.

அப்பத்தா காலத்து நெல், துவரை விதையெல்லாம் வீட்டில் கொஞ்சம் இருக்கிறது. காப்பாற்றுவது எப்படி? பக்கத்து ஊருக்கு விற்றால் சட்டச் சிக்கல் வருமா? (குன்றக்குடி பக்கம்)

வராது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, உழவர் தம் விளைச்சலிலிருந்து விதை எடுக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். பதிவுபெற்ற ரகத்தைப் பிராண்டு விதையாகப் பொட்டலம் போட்டு விற்கத்தான் கூடாது.

முதலில் விதைக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணி 100 விதையை ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயறு ஐந்தாம் நாள், நெல் ஏழாம் நாள் எண்ணலாம். நெல்லில் 80 முளைத்தால் சரியான விதை. 60 முளைத்தால் 30 கிலோவுக்குப் பதில் 40 கிலோ விதைக்க வேண்டும். அறுத்த புதிது நெல் உறக்கத்தில் இருக்கும், அதை வைத்து விதை கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். ஒரு மாதம் கழித்துச் சோதியுங்கள்.

துவரையில் வண்டு பெரும்பாலும் வீட்டுக்குள் வந்து விழுவதில்லை, வயலில் காயின் மேல் முட்டையிட்டே கூட வருகிறது. அதனால் அறுத்த கையோடு காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை, பிறகு மூன்று முதல் ஐந்து வரை என்று இரண்டு, மூன்று நாள் காயவைக்க வேண்டும். உச்சி வெயிலில் சூடான சிமெண்டுத் தரை ஆகாது. பிறகு செம்மண் குழம்பில் புரட்டி உலர்த்தும் ‘செம்மண் கட்டுதல்’ இன்றும் பலிக்கும் முறை, விதை மேல் ஒட்டிய மண் வண்டை அண்டவிடாது. ஈரம் அரைகுறையாக இருந்தால் மட்டும் அந்த மண்ணுக்குள்ளேயே விதை பூஞ்சை பிடித்துக் கெடும்.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1,30,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைக் காக்கிறது, நீண்டகாலச் சேமிப்பை மைனஸ் 20 டிகிரிக் குளிரில் வைத்திருக்கிறது. அது பெரிய காவல். ஆனால் குளிரில் உறங்கும் விதை இந்த ஊர் மண்ணையும் மாறிவரும் மழையையும் பழகிக்கொள்ளாது. உங்கள் அப்பத்தாவின் விதை வருடா வருடம் வயலில் இறங்கினால்தான் பழகும். ஆகவே பாதியை மட்டும் இந்த வருடம் விதையுங்கள், மறுபாதி காற்றுப் புகாத டப்பாவில் வீட்டில் இருக்கட்டும். ஒரு கைப்பிடி அயலூர் உறவுக்காரரிடமும் இருக்கட்டும். டப்பா மேல் ரகத்தின் பெயர், அறுத்த மாதம், எந்த வயல் என்று எழுதி ஒட்டுங்கள். வளரும் பயிரைக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் காட்டினால், உழவர் ரகமாகப் பதிவுசெய்யும் வழியையும் சொல்வார்கள்.