மருந்தடித்துவிட்டு வருகிற தலையிடி

விசுவமடுவிலிருந்து எழுதிய தங்கச்சிக்கு,

உங்கள் கணவருக்குக் கிட்னி போய்விட்டது என்று போனில் பார்த்த வீடியோவை வைத்து நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். மிளகாய்த் தோட்டத்தில் வெயிலுக்குள் நின்று தண்ணீரும் குடிக்காமல் வந்தால் யாருக்கும் சிறுநீர் மஞ்சளாகத்தான் போகும். வவுனியாப் பக்கம் கிட்னி வருத்தம் இருப்பது உண்மை; காரணம் இன்னதென்று இன்னும் முடிவாகவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒருமுறை கிரியேட்டினினும் (கிட்னி வேலை செய்கிறதா என்று காட்டும் இரத்தச் சோதனை) சிறுநீரும் சோதித்துப் பாருங்கள். மாதாமாதம் வேண்டாம். நீங்கள் எழுதிய கைக்கடிக்கு, அதாவது கை அரிப்புக்கு, சவர்க்காரமும் கையுறையும் போதும்.

எனக்குப் பயம் தந்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான்: "மருந்தடித்த அன்று நிழலில் இருந்தாலும் வியர்த்துக் கொட்டுது, வாயூறுது, பனடோல் குடுத்துப் படுக்க வைக்கிறன்."

அது களைப்பு இல்லை, தங்கச்சி. பூச்சிமருந்து நரம்பில் ஏறியதற்கான அறிகுறி. அதோடு கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்கினால், தசை துடித்தால், நெஞ்சு இறுகினால் பனடோலும் வேண்டாம், பாலும் வேண்டாம். உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் குளிக்க வார்த்து, 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். மூச்சு முட்டினால் குளிப்பாட்டிக்கொண்டு நிற்காமல் முதலில் அழையுங்கள். மருந்துப் போத்தலின் லேபிளைக் காட்டினால் அற்றோப்பின் என்ற மாற்று மருந்து ஊசி போடுவதா என்று தீர்மானிக்க டொக்டருக்கு உதவும். தெளிந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவரவும் கூடாது. 1 முதல் 4 நாட்களுக்குள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போய், மூச்சும் தளரலாம். 1987இல் இதை உலகத்துக்கு எழுதிச் சொன்னதே இலங்கை மருத்துவர்கள்தான்.

சரி, உடம்புக்குள் எப்படிப் போகிறது? மூக்கால் என்று நினைத்து முகத்தில் துவாய் கட்டுகிறார். தோட்டத்தில் பெரும்பாலும் தோலால்தான் போகிறது. ஒழுகுகிற டாங்கை முதுகில் சுமக்கிறார். சாரம் இடுப்புவரை நனைந்தபடியே பின்னேரம்வரை நிற்கிறார். கவட்டுப் பக்கத்துத் தோல் மருந்தை உள்ளங்கையைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். டாங்கின் வாசரை மாற்றச் சொல்லுங்கள். தோட்டக்காரர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். நனைந்தால் அங்கேயே கழுவி உடுப்பு மாற்ற வேண்டும். கலக்கும்போதுதான் மருந்து கடுமை, கையுறை அப்போது கட்டாயம். சோளகம் அடிக்கிற நாளில் காற்றுக்கு முதுகைக் காட்டி அடிக்கட்டும், பலமாக வீசினால் அன்று வேலையே வேண்டாம். நொசில் அடைத்தால் வாயால் ஊதுவதை இன்றோடு நிறுத்தட்டும்.

வெறும் மருந்துப் போத்தலைக் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் சின்னப்பிள்ளை இருக்கிறது அல்லவா? ஓட்டை போட்டு அப்புறப்படுத்துங்கள்.