போதையை விட்ட பையனுக்கு, பழைய தெருவுக்குப் போனதும் ஆசை திரும்புவது ஏன்?

இதைத் தூண்டல் என்பார்கள். ஒரு இடம், ஒரு கூட்டாளி, ஒரு வாசனை, ஏன் சம்பள நாள்கூட, அடங்கிக் கிடந்த ஆசையைச் சட்டென்று எழுப்பிவிடும்.

போதைப்பொருள் மூளையில் டோபமைனை ('இது வேண்டும்' என்ற உந்துதலைத் தரும் வேதிப்பொருள்) பெருக்கும்போது, அந்த நேரத்தில் சுற்றியிருந்தவற்றையும் மூளை சேர்த்தே பதிந்துகொள்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தவருக்கும் டீக்கடையில் பஜ்ஜி போடும் வாசனைக்கு நாக்கு ஊறுகிறதே, அதே வேலைதான். வேகம் மட்டும் பல மடங்கு. இளவயதில் இது இன்னும் கஷ்டம். 'கொஞ்சம் பொறு' என்று தடுக்கும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகிவிடும்.

சூழலுக்கு எவ்வளவு பலம் என்பதை, வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களிடம் அமெரிக்க ஆய்வாளர் லீ ராபின்ஸ் 1970-களில் செய்த ஆய்வு காட்டியது. போர்க்களத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமை. ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். (உடம்பைச் சுத்தப்படுத்திவிட்டு அதே கூட்டாளிகளிடமே அனுப்புவதில் எனக்கு நம்பிக்கையில்லை.)

"மறுபடி தொட்டுட்டான், வைத்தியம் வீண்" என்பது தவறு: சிகிச்சையை மாற்றியமைக்கச் சொல்லும் அறிகுறி அது, ஆனால் இடைவெளியில் உடம்பின் தாங்கும் திறன் குறைந்திருப்பதால், ஹெராயின் போன்றவற்றில் பழைய அளவே உயிரைப் பறிக்கலாம்.