பொண்ணு ஃப்ரீயா லைப்ரரி எழுதுறா, வேலை கிடைக்குமான்னு கேட்ட அப்பாவுக்கு

சார், உங்க கவலை எனக்குப் புரியுது. பொண்ணு செகண்ட் இயர், ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஏதோ ஓடிஎஃப் ஃபைல் படிக்கிற லைப்ரரிக்கு கோடு எழுதிட்டு உக்காந்திருக்கா, கூடப் படிக்கிறவங்க எல்லாம் ஏஐ கோர்ஸ்ல சேர்ந்துட்டாங்க, இவளுக்கு இதுல சம்பளமும் இல்ல சர்டிஃபிகேட்டும் இல்லன்னு சொன்னீங்க. நிறுத்தச் சொல்லாதீங்கன்னுதான் நான் சொல்வேன், ஏன்னு சொல்றேன்.

ஓடிஎஃப்ங்கிறது லெட்டர், கணக்கு ஷீட் மாதிரி ஃபைல்கள எந்த சாஃப்ட்வேரும் திறக்குற மாதிரி சேமிக்கிற பொது வடிவம், லைப்ரரின்னா மத்த ப்ரோக்ராம்கள் எடுத்துப் பயன்படுத்துற ரெடிமேட் கோடு. ஒரு ஓடிடி ஃபைலையோ (ஓடிஎஃப் லெட்டர்) டாக்எக்ஸ் ஃபைலையோ (வேர்ட் லெட்டர்) ஜிப் மாதிரி திறந்து பாருங்க, உள்ள பெரும்பாலும் எக்ஸ்எம்எல்தான், அதாவது டேக்னு சொல்ற குறிகள் போட்ட டெக்ஸ்ட்தான் இருக்கும். எப்படி எழுதணும்னு விதிமுறையும் வெளிய இருக்கு, ஓடிஎஃப் 2006ல ஐஎஸ்ஓங்கிற உலகத் தர அமைப்போட ஸ்டாண்டர்ட் ஆச்சு, டாக்எக்ஸ் சேர்ந்த மைக்ரோசாஃப்ட் பக்கத்து ஓஓஎக்ஸ்எம்எல் 2008ல ஆச்சு. அப்ப படிச்சு எழுதிடலாமேன்னு தோணும், ஆனா கஷ்டமே அங்கதான் ஆரம்பிக்குது. ஒரு ஓடிஎஃப் ஸ்ப்ரெட்ஷீட்ல காலியா இருக்குற வரிய எல்லாம் "இதே வரி பத்து லட்சம் தடவை"ன்னு ஒரே டேக்ல எழுதி வெச்சிருக்கும், அத அப்படியே விரிச்சுப் படிச்சா மெமரி காலி. எக்செல் 1900ஐ லீப் வருஷம்னு தப்பா கணக்கு வெச்சு, பழைய ஃபைல் கெடக் கூடாதுன்னு அந்தத் தப்பு இன்னிக்கும் அப்படியே இருக்கு, லைப்ரரியும் அதுக்கு ஒத்துப் போகணும். நம்ம தமிழையே எடுத்துக்கோங்க, டாக்எக்ஸ்ல தமிழ் மாதிரி எழுத்துக்கு ஃபான்ட்டும் சைஸும் தனி இடத்துல குறிக்கணும், இங்கிலீஷுக்கு உள்ளத மட்டும் மாத்துனா தமிழ் வரி பழைய சைஸ்லயே நிக்கும். இந்த மாதிரி ஒண்ணக் கண்டுபிடிச்சு, டெஸ்ட் எழுதி, முன்னப் பின்னத் தெரியாத சீனியர் ஒருத்தர் ரிவ்யூல நாலு தடவை திருப்பி அனுப்பி, கடைசில அந்தக் கோடு ப்ராஜெக்ட்ல சேர்ந்து மெர்ஜ் ஆகுது பாருங்க, அந்தப் பயிற்சி எந்தக் கோர்ஸ்லயும் கிடைக்காது சார், நான் மனசாரச் சொல்றேன்.

வேலைன்னு பார்த்தா, "ஓடிஎஃப் டெவலப்பர்"னு போஸ்ட் போட்டு ஆள் எடுக்குறது அபூர்வம். எம்எஸ் ஆஃபிஸ் மாதிரியே இலவசமா கிடைக்குற லிப்ரே ஆஃபிஸ் வேலைக்குன்னே சம்பளம் குடுக்குற கொலாபரா மாதிரி கம்பெனி இருக்கு, எண்ணிக்கை கம்மி. ஆனா பேங்க், இன்ஷூரன்ஸ், ஹெச்ஆர் சாஃப்ட்வேர்னு எங்க போனாலும் ரிப்போர்ட்டும் பில்லும் எக்செல்லா, வேர்டா வெளிய வரணும், ஜாவாவா இருந்தா அதுக்குப் பின்னாடி பெரும்பாலும் எக்செல், வேர்ட் ஃபைல் படிச்சு எழுதுற அப்பாச்சி பிஓஐ மாதிரி இலவச லைப்ரரிதான் ஓடுது. அதோட உள்வேலை தெரிஞ்ச ஆளுக்கு பேக்எண்ட் வேலைல மதிப்பு உண்டு.

பொண்ணுகிட்ட நான் சொல்லணும்னு நினைக்கிறது ரெண்டு மூணு இருக்கு. புதுசா சொந்த லைப்ரரி ஆரம்பிக்க வேண்டாம்மா, அது பாதில நின்னு போறதத்தான் நிறைய பார்த்திருக்கேன், ஏற்கனவே ஆள் நடமாட்டம் உள்ள ப்ராஜெக்ட்ல சேரு. லிப்ரே ஆஃபிஸ்ல புதுசா வர்றவங்களுக்குன்னே "ஈஸி ஹேக்ஸ்"னு சின்ன வேலைங்கள ஒதுக்கி வெச்சிருக்காங்க, அது சி ப்ளஸ் ப்ளஸ், பைத்தான் பிடிச்சா எக்செல் ஃபைல் படிக்கிற ஓபன்பைஎக்செல் பக்கம் போகலாம். பதினெட்டு முடிஞ்சிருந்தா இந்த மாதிரி ப்ராஜெக்ட்ல வேலை பழக கூகுள் நடத்துற கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்கு அப்ளை பண்ணு, செலக்ட் ஆனா ஸ்டைபெண்ட் வரும், ஆனா அப்ளிகேஷனுக்கு முன்னாடியே அந்த ப்ராஜெக்ட்ல ரெண்டு பேட்ச், அதாவது கோடு திருத்தம் போட்டிருந்தாதான் உன்ன கவனிப்பாங்க. கோட யார் எப்படிப் பயன்படுத்தலாம்னு சொல்ற லைசன்ஸ்னா என்ன, எம்பிஎல், ஜிபிஎல்ங்கிற ரெண்டு லைசன்ஸுக்கும் என்ன வித்தியாசம்னும் படிச்சு வெச்சுக்கோ, இன்டர்வியூல கேட்டா முழிக்கக் கூடாது.

அரியர் மட்டும் விழக் கூடாது சார், அதுல நான் உங்க பக்கம், அரியர் இருந்தா நிறைய கம்பெனி ரெஸ்யூமேவத் திறந்தே பார்க்காது. கேம்பஸ் டெஸ்ட்டுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர் தனியாப் போட்டுப் பழகணும், இந்த வேலை அதுக்கு மாத்து இல்ல. ராத்திரி முழிக்கிறத வாரத்துல ரெண்டு நாளோட நிறுத்தச் சொல்லுங்க. இந்த செமஸ்டர் முடியறப்போ "எத்தனை பேட்ச் மெர்ஜ் ஆச்சும்மா, ஒண்ணு காட்டு"ன்னு பக்கத்துல உக்காந்து கேளுங்க, உங்களுக்குப் புரியற மாதிரி அவளே விளக்கிட்டான்னா அடுத்த வருஷ இன்டர்வியூவுக்கு அவ பாதி ரெடி.