பேரனுக்கு இரண்டு ஊசி, பாட்டிக்கு நான்கு

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. சனிக்கிழமை மாலை தெருநாய் ஒன்று அவன் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. பல் பதிந்து ரத்தம் வந்தது. விரட்டப் போன என் மாமியாரையும் முழங்கைக்குக் கீழே கடித்துவிட்டு ஓடிவிட்டது. மகனுக்கு இரண்டு வருடங்களுக்கு முன்பும் ஒரு நாய்க்கடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரேபிஸ் (வெறிநாய்க்கடி) தடுப்பூசி நான்கு தவணையும் முழுதாகப் போட்டோம், அட்டை இருக்கிறது. இப்போது அங்கே, "இரண்டு ஊசி போதும், சீரம் வேண்டாம்" என்கிறார்கள். தனியார் கிளினிக்கிலோ ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்து, சீரமும் போட்டு, ஐந்து ஊசியும் முதலிலிருந்து போட வேண்டுமாம். மாமியார் சிறுவயதில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டவர். "எனக்கு அது ஆயுசுக்கும் போதும்" என்று வர மறுக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: இந்த வாசகிக்குக் கேள்வி வந்த அன்றைக்கே போனில் பதில் சொல்லிவிட்டேன். நாய் கடித்தால் எனக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். முதலில் குழாயடி, அடுத்து ஆஸ்பத்திரி.

மகன் விஷயத்தில் சுகாதார நிலையம் சொன்னதுதான் சரி. முதல் நாள் ஒன்று, அதிலிருந்து மூன்று நாள் கழித்து ஒன்று, அவ்வளவுதான். போன முறை இரண்டு கையிலும் போட்டார்கள், இந்த முறை ஒரே கையில்தான் போட்டார்கள் என்று பதற வேண்டாம். அதுவும் முறைப்படிதான்.

ஏன் இரண்டு போதும்? அம்மை, ஃப்ளூ போன்ற வைரஸ்கள் உள்ளே நுழைந்ததும் உடம்புக்கு மூக்கில் வேர்த்துவிடும். காய்ச்சல் அடித்து, படையைத் திரட்டிச் சண்டைக்குப் போய்விடும். ரேபிஸ் வைரஸ் அப்படி ஆர்ப்பாட்டம் செய்யாது. ரத்தத்தில் சுற்றாமல், கடித்த இடத்தின் நரம்புக்குள் புகுந்து மூளையை நோக்கி மெதுவாக ஏறும். நரம்புக்குள் போய்விட்டால் எதிர்ப்புச் செல்களின் கண்ணில் படுவதில்லை. மூளைக்குப் போய் நோய் வெளியே தெரிந்துவிட்டால் அநேகமாக யாருமே பிழைப்பதில்லை. நமக்குச் சாதகமான ஒரே விஷயம் அதன் தாமதம். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். கடித்த பிறகு தடுப்பூசி போட்டும் தப்பிக்க முடிவது அதனால்தான்.

தடுப்பூசியில் இருப்பது செத்த வைரஸ். அதைப் பார்த்து உடம்பு தானே ஆன்டிபாடி செய்யக் கற்றுக்கொள்ளும். ஆனால் முதல்முறை கற்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிடும். அந்த இடைவெளிக்குத்தான் சீரம் என்கிற இம்யூனோகுளோபுலின். அது வேறு மனிதரின் அல்லது குதிரையின் ரத்தத்திலிருந்து பிரித்த ஆயத்த ஆன்டிபாடி. இரவல் நகை மாதிரி, கொஞ்ச நாளைக்குத்தான் உங்களுடையது.

உங்கள் மகனின் உடம்பு இரண்டு வருடம் முன்பே பாடம் படித்துவிட்டது. ஆன்டிபாடி அளவு இன்று குறைந்திருக்கலாம். ஆனால் அதைச் செய்யத் தெரிந்த நினைவுச் செல்கள் அங்கேயே இருக்கின்றன. ஒரு ஊசி ஞாபகப்படுத்தினால் சில நாளிலேயே பல மடங்காகச் செய்து தள்ளிவிடும். அவனுக்கு இரவல் தேவையில்லை. போட்டால் சொந்த உற்பத்தியை அது மந்தப்படுத்தக்கூடும். காசும் போய், பலனும் குறைய எதற்குப் போட வேண்டும்?

இந்த ஆன்டிபாடி டெஸ்ட் வியாபாரம் எனக்குப் பெரிய எரிச்சல். கொரோனா சமயத்தில் ஆளாளுக்கு ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தோமே, அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. கால்நடை மருத்துவர்கள், ரேபிஸ் ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டிய டெஸ்ட் அது. கடிபட்ட பையனுக்கு டெஸ்டில் வரும் எண், போதுமான அளவு என்று சொல்லப்படும் 0.5க்கு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் அதே இரண்டு ஊசிதான். எதையும் மாற்றப்போகாத டெஸ்டுக்கு எதற்குப் பணம்? ரிசல்ட் வரும்வரை ஊசியைத் தள்ளிப்போடச் சொன்னால் அந்தப் படியிலேயே திரும்பிவிடுங்கள்.

ஒரு நிபந்தனை. எல்லாத் தவணையும் போட்டதற்கு அட்டை இருக்க வேண்டும். "போட்ட மாதிரி ஞாபகம்" என்றால் போடாததாகத்தான் கணக்கு. சோப்பு வாங்கினால்கூட கம்ப்யூட்டர் பில் வருகிறது; உயிர் காக்கும் ஊசிக்கு நாம் தருவது மழையில் நனைந்தால் கரைந்துபோகும் ஒரு துண்டுச் சீட்டு. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் எடுப்பவர்களுக்குக் கணக்கே வேறு, அதை அவரவர் டாக்டரிடம் கேளுங்கள்.

இனி உங்கள் மாமியார். வீட்டில் அதிகம் கவலைப்பட வேண்டியவர் அவர்தான். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து. 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் ஒரு காலத்தில் அதைத்தான் தயாரித்தது. அன்றைக்கு அதைவிட்டால் வழியில்லை, எத்தனையோ பேரைக் காப்பாற்றியது, குறை சொல்லவில்லை. ஆனால் அதன் வீரியம் ஒரே சீராக இருந்ததில்லை. மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்கு நரம்புக் கோளாறும் வந்தது. இந்தியாவில் 2004 இறுதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். அந்த 14 ஊசி போட்டவரை, அட்டையை லேமினேட் செய்து வைத்திருந்தாலும், ஊசியே போடாதவராகத்தான் எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான். "அவ்வளவு வலி தாங்கினேனே, வீணா?" என்று கேட்பார். வீணில்லைம்மா, அன்றைய கடிக்கு அது சரி. இன்றைய கடிக்கு உடம்பு அதை நினைவு வைத்திருக்கும் என்று நம்பி உயிரைப் பணயம் வைக்க முடியாது. பழைய ஊசிதான் அவருக்குப் பயம் என்றால் இதையும் சொல்லுங்கள்: இப்போது வயிற்றில் போடுவதில்லை, இரண்டு கையிலும் தோலுக்குள் ஒரு பொட்டு அளவுதான், கைக்கு 0.1 மில்லி.

அவருக்கு ரத்தம் வந்த கடி. ஆகவே சீரமும் வேண்டும். 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு தவணையும் வேண்டும். முதல் ஊசி போடும் நாள்தான் 0. சீரத்தைக் காயத்துக்கு உள்ளேயும் சுற்றியும் செலுத்த வேண்டும். வைரஸ் இருப்பது அங்கேதான். வேலை சுலபம் என்று இடுப்பில் குத்தி அனுப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். "காயத்தில்தானே போடுவீர்கள்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தையல் தேவைப்பட்டாலும் சீரத்துக்குப் பிறகுதான். முதல் ஊசியிலிருந்து ஏழு நாள் தாண்டிவிட்டால் சீரம் கிடையாது, சொந்த ஆன்டிபாடி வரத் தொடங்கியிருக்கும்.

சீரம் பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்காது, மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். கேட்டுக்கு வெளியே ஒருவர் நிற்பார். "உள்ளே ஸ்டாக் இல்லை, நான் வாங்கித் தர்றேன்" என்பார். ஸ்டாக் இருக்கிறதா என்று உள்ளே போய் டியூட்டி டாக்டரிடம் கேட்காமல் அவரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து, அவர் சட்டைப்பையில் எத்தனை மணிநேரம் வெந்ததோ யார் கண்டது?

உள்ளேயும் எல்லாம் ஒழுங்கில்லை. தடுப்பூசி மருந்தின் ஒரு மில்லி குப்பியை உடைத்தால் ஐந்து பேருக்குப் போடலாம், சில மணிநேரத்தில் தீர்க்க வேண்டும். அதனால், "நாளைக்கு வாங்க, அஞ்சு பேர் சேரட்டும்" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. நாய் என்ன, ஆள் சேர்த்துக்கொண்டா கடிக்கிறது? மருந்து வீணானால் கணக்கு எழுத வேண்டுமே என்று பயப்படுகிறவர்கள், ஆள் செத்தால் யார் கணக்கு எழுதுவது என்று யோசிப்பதில்லை. அப்படிச் சொன்னால் மருத்துவ அலுவலரைப் பாருங்கள், நகராதீர்கள். 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கும் போன் செய்யலாம்.

காயத்தில் மாமியார் சுண்ணாம்பு வைத்ததாகப் போனில் சொன்னீர்கள். மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், பச்சிலை எதுவும் வேண்டாம். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பு, சோப்பு பட்டால் கரைந்துவிடும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவதற்கு ஈடான கைவைத்தியம் கிடையாது. இரண்டு நாள் ஆகிவிட்டதே என்று விடாமல் இருவரையும் கழுவச் சொன்னேன்.

அப்புறம், மாமியாரின் 28ஆம் நாள் தவணை தீபாவளியன்று வருகிறது, கறி சாப்பிடலாமா, ஒரு வாரம் தள்ளிப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கறி தாராளமாகச் சாப்பிடலாம், இந்த ஊசிக்குப் பத்தியம் கிடையாது. தள்ளிப் போடாதீர்கள். அன்று ஓ.பி. விடுமுறை என்றால் அவசரப் பிரிவுக்குப் போங்கள், காலையிலேயே, அட்டையோடு.