மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஆலோசகர் ஆகலாமா?

மனச்சோர்வுக்கு இரண்டு வருடமாக மாத்திரை எடுக்கிறீர்கள், சோழிங்கநல்லூர் ஐடி வேலையை விட்டுவிட்டு கவுன்சிலிங் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கலாம். ஆனால் வேலையை இப்போதே விடாதீர்கள்.

நானும் அந்த வழியில் வந்தவள்தான். பயிற்சிக் காலத்தில் எதிரே உட்கார்ந்த பெண், "காலையில் பல் தேய்க்கக்கூட முடியல" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அந்த ஒரு மணி நேரமும் என் கதையாகப் போயிருக்கும். கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு, "அப்புறம் என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேட்டேன். இதைக் கற்கத்தான் எனக்கு நாளானது; பாடமெல்லாம் சுலபம்.

முதலில் தொண்டராகப் போய்ப் பாருங்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா, தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்குக் காதுகொடுக்கத் தொண்டர்களைப் பழக்குகிறது. உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். பிடித்திருந்தால் உளவியலில் முதுகலை. இரண்டு வாரச் சான்றிதழ் வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள் (நான் கட்டினேன்!).

நேர்காணலில் மாத்திரையைப் பற்றிச் சொல்வது உங்கள் விருப்பம். கேட்டால் பொய் மட்டும் வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ராத்திரியில் தாங்கவில்லை என்றால் 14416, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம்.