பயாலஜியில் மார்க் குறைந்தால் கெமிஸ்ட்ரி விடைத்தாளைப் பாருங்கள்

கடலூர் முதுநகரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஐயாவுக்கு,

பத்தாம் வகுப்பில் அறிவியலில் 94 வாங்கிய பாப்பா, பிளஸ் ஒன் காலாண்டில் உயிரியலில் 70-க்கு 29 எடுத்திருக்கிறாள். பயோ-மேத்ஸை விட்டுவிட்டு காமர்ஸ் குரூப்புக்கு மாற்றிவிடலாமா, இல்லை புதுச்சேரியில் நீட் கோச்சிங்கோடு நடக்கும் தனியார் பள்ளி ஒன்றில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய விடைத்தாளை வரி விடாமல் பார்த்தேன். வகைப்பாடு, மஞ்சரி, கரப்பான்பூச்சியின் உள்ளுறுப்புகள் எல்லாம் படத்தோடு அழகாக எழுதியிருக்கிறாள். மார்க் போனது மூன்று பாடங்களில்: உயிரி மூலக்கூறுகள், செரிமானம், சுவாசம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு எப்படிக் கடத்தப்படுகிறது என்ற கேள்விக்கு ‘பைகார்பனேட்டாகச் செல்கிறது’ என்று ஒரே வரியில் நிறுத்திவிட்டாள். அந்த வாயு தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாவதும், அந்த அமிலம் பைகார்பனேட் அயனியாகவும் ஹைட்ரஜன் அயனியாகவும் பிரிவதும்தான் மீதி விடை. அது கெமிஸ்ட்ரி. அந்தப் பாடத்தில் எவ்வளவு என்று விசாரித்தால் 70-க்கு 24 என்கிறீர்கள். அப்படியென்றால் பயாலஜி வரவில்லை என்று அவளை நிறுத்தி வைத்து விசாரிப்பதில் அர்த்தமே இல்லை.

பத்தாம் வகுப்பு வரை ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்று எழுதினால் மார்க் கிடைத்துவிடும். இங்கே ‘எப்படிச் சுமக்கிறது’ என்று கேட்கிறார்கள். ஒரு உதாரணம் சொன்னால் உங்களுக்கே புரியும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கே வாலின் உட்கார்ந்துவிட்டால் கதிர் அரிவாள் ரத்தசோகை. குளூட்டாமிக் அமிலத்துக்கு மின்சுமை உண்டு, தண்ணீரோடு ஒத்துப்போகும். வாலினுக்கு மின்சுமை கிடையாது, தண்ணீரை விட்டு ஒதுங்கும். அதனால் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழையாகி, வட்டமாக இருக்க வேண்டிய ரத்தச் சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளைத்துவிடுகின்றன. மின்சுமை என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை இதை மனப்பாடம்தான் செய்யும். அடுத்த வாரமே மறந்தும் போகும்.

உயிரி மூலக்கூறுகள் பாடத்தை அவள் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் என்று நாலு தனிப் பாடமாகப் படித்திருக்கிறாள் போலிருக்கிறது. ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். குளுக்கோஸும் குளுக்கோஸும் சேரும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறும். அமினோ அமிலம் இரண்டு சேர்ந்தாலும் அப்படித்தான். கிளிசராலோடு கொழுப்பு அமிலம் ஒவ்வொன்றும் சேரும்போதும் அதே கதை. செரிமானம் என்பது இதன் எதிர்த்திசை: நொதி தண்ணீரைச் சேர்த்து அந்தப் பிணைப்பை அறுக்கிறது. இது பிடிபட்டுவிட்டால் இந்த மூன்று பிணைப்புகளுக்குமான கிளைகோசிடிக், பெப்டைடு, எஸ்டர் என்ற பெயர்கள் பயமுறுத்தாது. செரிமானப் பாடமும் பாதி முடிந்த மாதிரிதான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். சோறு வடித்த கஞ்சியை நன்றாக நீர்விட்டு ஆறவைத்து, மூன்று டம்ளரில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றட்டும். முதல் டம்ளரில் எதுவும் வேண்டாம். இரண்டாவதில் ஒரு ஸ்பூன் எச்சில். மூன்றாவதில், கொதிக்கவைத்து ஆறிய எச்சில். (வீட்டில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. பழைய டம்ளர்களைக் கொடுங்கள், முடிந்ததும் கொட்டிவிடட்டும்.) கால் மணி நேரமோ அரை மணி நேரமோ வைத்துவிட்டு, புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதல் டம்ளர் கருநீலமாகும். இரண்டாவதில் அந்த நீலம் வராது, வந்தாலும் மங்கலாக இருக்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டிவிட்டது. மூன்றாவது மறுபடி கருநீலம், ஏனென்றால் கொதித்ததில் அந்த நொதி உருக்குலைந்துபோனது.

அவள் ஆர்வமாகி அமிலம் சேர்த்துப் பார்க்கிறேன் என்றால் வினிகர் கொடுங்கள், எலுமிச்சை வேண்டாம். எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி அயோடினின் நிறத்தையே அழித்துவிடும், முடிவு குழம்பிப்போகும்.

நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா கவனியுங்கள். ‘ஏம்ப்பா மூணாவது மட்டும் நீலமாச்சு?’ என்று அவளாகவே புத்தகத்தைப் புரட்டினால், இந்த குரூப் அவளுக்குப் பொருந்துகிறது என்று நான் தைரியமாகச் சொல்வேன். ஆப்டிட்யூட் டெஸ்ட் என்று காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் தாள்களைவிட இதைத்தான் நம்புகிறேன். ஒரு கேள்வியும் வரவில்லை என்றால் அதையும் மறைக்காமல் என்னிடம் சொல்லுங்கள், வேறு விதமாக யோசிப்போம்.

அப்புறம் பள்ளி மாற்றும் விஷயம். பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இலிருந்து இருக்கிறது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று அதை விரிவாக்கினார்கள். அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கடைசி இரண்டு வருடத்துக்காகத் தனியார் பள்ளிக்குப் போனால் இது கைநழுவும். புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் வரும் மாதம் 1,000 ரூபாயும் சேர்ந்து போகும். புதுச்சேரியில் கொடுக்கும் 10 சதவீதம் அங்குள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, அங்கே தனியார் பள்ளியில் சேர்ந்தால் அதுவும் கிடையாது. கோச்சிங் வேண்டுமென்றால் தனியாக வைத்துக்கொள்ளலாம். நீட்டில் 720-க்கு 360 உயிரியல், 180 வேதியியல். இப்போதைக்கு அவளுக்குத் தேவை ஒரு நல்ல கெமிஸ்ட்ரி டியூஷன், அவ்வளவுதான்.

நீட் கிடைக்காவிட்டால் பயாலஜி படித்தது வேஸ்ட் என்று கடையில் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம், கால்நடை மருத்துவம், வேளாண்மை, மீன்வளம் எல்லாம் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் நடக்கின்றன. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தில் நர்சிங்குக்கு நீட் மார்க் பார்க்கிறார்கள், அதை மட்டும் மனதில் வையுங்கள். வேளாண் கல்வி சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில். பயோ-மேத்ஸ் என்பதால் இன்ஜினியரிங் கதவும் திறந்தேதான் இருக்கிறது. காமர்ஸுக்கு மாறினால் இவை எல்லாமே மூடிவிடும்.

புதுச்சேரியில் 1975-இல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் கொசு ஆராய்ச்சிக்குப் பேர்போனது, பூச்சியியலில் எம்.எஸ்சி. படிப்பும் உண்டு. கொசுப் புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியா ரகத்தை அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். அந்த பாக்டீரியா தரும் புரதப் படிகம், புழுவின் குடலில் இருக்கும் காரத்தன்மையில் கரைந்து விஷமாகிறது. நம் வயிற்றில் இருப்பது அமிலம், அதனால் நமக்கு ஒன்றும் செய்யாது. பாப்பா தவிக்கும் அதே பி.எச். (அமில-கார அளவு) கணக்குதான்.

ஒரு எச்சரிக்கை மட்டும்: பெயர் கவர்ச்சியாக இருக்கிறதே என்று ஏதாவது ஒரு சிறிய கல்லூரியில் பி.எஸ்சி. பயோடெக்னாலஜி சேர்க்காதீர்கள். லேப் சரியில்லாத இடத்தில் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு குறைவு. அதைவிட தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரி மாதிரி ஓர் அரசுக் கல்லூரியில் கெமிஸ்ட்ரியோ, கெமிஸ்ட்ரியை அலைடாக (துணைப் பாடமாக) வைத்து விலங்கியலோ படிக்கட்டும். கெமிஸ்ட்ரி படித்தால் சிப்காட்டில் ரசாயன, மருந்து ஆலைகளின் தரக் கட்டுப்பாட்டு (க்யூ.சி.) லேபுக்கும் போகலாம், மேலே படிக்க நினைத்தால் காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் துறையும் இருக்கிறது.

அரையாண்டு முடிந்ததும் இரண்டு பாட விடைத்தாள்களோடு பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். முதல் அரை மணி நேரம் அவள் மட்டும் பேசட்டும், நீங்கள் வெளியே டீ குடித்துவிட்டு வாருங்கள்.